வாய்க்குள் பேசுகிறவள்

கோலப்பனுக்குக் காது மந்தமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்து, கம்பி இறக்கும் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்தவர்.

"எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. நீதான் வாய்க்குள்ளயே பேசுதே" என்பார், மனைவி பொன்னம்மையிடம்.

பொன்னம்மை முதலில் கத்திப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு கையைக் காட்டிப் பார்த்தாள். அதுவும் அலுத்து, சாப்பிட வாருங்கோ, மாத்திரை போடுங்கோ என்பதற்கு மேல் வீட்டில் பேச்சில்லாமல் போயிற்று. மகன் சுதீஷ் துபாயில். வீட்டில் இருவர்தான்.

அடுத்த தெருவில் மாநகராட்சி ஒரு பகல்வீடு திறந்திருந்தது. வயதானவர்கள் காலையில் போய், சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பலாம். நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பாள். பொன்னம்மை போக ஆரம்பித்தாள். கணவரையும் காதருகே குனிந்து கூப்பிட்டாள்.

"அது ஆருமில்லாதவங்க போற இடம்லா. எனக்குத்தான் நீ இருக்கியே" என்றார் அவர்.

அவளுக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் புறப்படும்போது குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு, மூன்று விரலைக் காட்டினாள். "மூணு விசில் வந்ததும் அணச்சிருங்கோ. கேட்டியளா?"

கோலப்பன் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். கவனமாகத்தான் இருந்தார். கருகல் நாற்றம் வந்து எழுந்தால் உள்ளே ஒரே புகை. அடுப்பை அணைத்தார். விசில் ஒன்றுகூட வரவில்லை, குக்கர்தான் கெட்டுப்போயிருக்கிறது. ஆறியதும் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பகல்வீட்டுக்கு நடந்தார். அவளிடம் உடனே காட்டியாக வேண்டும்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பொன்னம்மை கையை விரித்து, கண்ணை உருட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த கிழவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

கோலப்பன் வாசலில் நின்றுவிட்டார். அவருக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. அவள் வாய்க்குள் பேசவில்லை. நன்றாக வாயைத் திறந்துதான் பேசினாள். கல்யாணமான புதிதில், சினிமா விட்டு கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து வரும்போது வழிநெடுக இப்படித்தான் பேசிக்கொண்டு வருவாள்.

பகல்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அஸ்வதி அவருக்கு நாற்காலி போட்டு, காதருகே குனிந்து மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். "இரிங்க மாமா. பையில எந்தா?"

"குக்கர். விசில் அடிக்கல்ல."

பொன்னம்மை எழுந்து வந்தாள். கருகிய அடியைப் பார்த்தாள்; அவர் முகத்தைப் பார்த்தாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் சிரிச்சாவளே, என்ன சொன்னே?" என்று கேட்டார். பிறகு குரல் தணிந்தது. "எனக்கு ஒண்ணுமே கேக்கல்லட்டி."

அவர் அதைச் சொல்லி அவள் கேட்பது அதுவே முதல் தடவை. அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பகல்வீட்டிலேயே காது பரிசோதனைக்கு அஸ்வதி ஏற்பாடு செய்தாள். பரிசோதிக்க வந்த இளைஞன் அஜீஷ் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னான். கோலப்பன் மளமளவென்று தூக்கினார்.

அஜீஷ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உரக்கச் சொன்னான். "மாமா, நான் இன்னும் சத்தமே போடல்ல, கேட்டோ."

பொன்னம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காது மிஷின் வந்தது. முதல் நாலு நாள் அவருக்குப் பெரும் தொல்லை. ஃபேன் இரைந்தது, காக்காய் மண்டைக்குள்ளேயே கத்தியது. கழற்றி மேசையில் வைத்துவிடுவார். அஸ்வதி வீட்டுக்கே வந்து, "தினமும் ஒரு மணிக்கூர் வச்சாப் போதும் மாமா. பழகிரும்" என்று மாட்டிவிட்டுப் போவாள்.

ஒரு காலை பொன்னம்மை புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத வீட்டில் தனக்குத்தானே முணுமுணுப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது.

"ஈரத்துண்டக் கட்டில்ல போடாதீங்கோன்னா கேக்கவா போறாரு. மண்டையில முடியில்ல, சீப்பு மட்டும் மூணு..."

"ரெண்டுதானட்டி இருக்கு" என்றார், வாசலில் நின்ற கோலப்பன்.

அவள் கை நின்றது. முகம் சூடாயிற்று. "எப்பத்துலேருந்து கேக்கு?"

"மூணு நாளா."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ நிறுத்திருவேல்லா."

பொன்னம்மை கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மீதியையும் சொன்னாள்.