எட்டு மூலைத் தட்டும் எட்டுப் பக்க அறிக்கையும்

எங்கள் மழலையர் பள்ளியில் குழந்தைகள் கையை அழுக்காக்கிக்கொண்டு விளையாடுவதற்கென்றே ஒரு நேரம் உண்டு. காலை பத்தே கால் முதல் பத்தரை வரை. அந்தக் கால் மணி நேரத்தில் இங்கே அதிகமாகக் காதில் விழும் சொல் "தொடாதே" என்பதுதான்.

குற்றமாகச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தால் உங்களுக்கே தொட மனம் வராது. எங்கள் மேலாளர் பிலிப்பா முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து அதை ஜோடிப்பாள். திங்கட்கிழமை பனிப்பிரதேசம் என்றால், சவர நுரையில் மலை, மலைமேல் பனிக்கரடி, அதன் தோளை உரசிக்கொண்டு பென்குயின். அந்த இரண்டும் உலகத்தின் இரண்டு கோடிகளில் வாழ்கின்றன. எங்கள் தட்டில் மட்டும் அடுத்த வீடு. முதலில் படம் எடுத்துப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். இதயங்கள் நூறைத் தாண்டிய பிறகு குழந்தைகளுக்கு அனுமதி. ஒரு நேரத்தில் இருவர், மேலங்கி கட்டாயம், மூன்று நிமிட மணல் கடிகாரம், பிறகு ஈரத்துணி. பள்ளி நடக்கும் தேவாலயக் கூடத்தின் தரை பிரசவ அறையைவிடச் சுத்தம்.

தட்டு ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக், எட்டு மூலை, நான்கு வயதுப் பிள்ளை கைகாலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். கொத்தனார்கள் சிமெண்டு குழைப்பதற்குச் செய்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மேலாளர் அதைக் கட்டுமானக் கடையிலிருந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு, மழைக்குக் குடையாகப் பிடித்தபடிதான் கொண்டு வந்தார். தரையில் போட்டு, மண்ணைக் கொட்டி, தண்ணீரை ஊற்றிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். இப்போது அதே தட்டு நான்கு மரக்கால்களோடு, 'புலன் அனுபவ மேடை' என்ற பெயரோடு பளபளப்பான விலைப்பட்டியலில் வருகிறது. கால் முளைத்ததும் மரியாதையும் முளைத்துவிட்டது.

இந்த மேடையைக் கண்டால் ஆகாதவள் ஒருத்தி இருந்தாள். மார்னி. நான்கு வயது. கொத்தனார் டேரன் ஹாய்லின் மகள். அதிகம் பேச மாட்டாள். மற்றபடி கட்டைகளை அடுக்குவாள், சூப்பை மிச்சம் வைக்காமல் குடிப்பாள், மழையில் தவளை தேடுவாள். தட்டு வெளியே வந்ததும் மட்டும் மழைக்கோட்டுகள் தொங்கும் மூலைக்குப் போய் ஒண்டிக்கொள்வாள். வேறு பிள்ளை கையை நீட்டினால் போதும், "வேணாம்! வேணாம்!" என்று கூரை கிழியக் கத்துவாள். ஒருநாள் ஓடிஸ் என்ற பையனின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்ததில் அவன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். விழுந்தவன் சிரித்தான். பிலிப்பா சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்தாள்.

பிலிப்பா குழந்தைகளை எடைபோடும் பயிற்சி ஒன்று முடித்தவள். கணினியில் இரண்டு நாள், நடுவில் மதிய உணவு இடைவேளை. அந்தப் படிப்பின் பலத்தில் மார்னியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாள். ஈரப்பொருள்கள் மீது கடும் வெறுப்பு. குழுவோடு சேர மறுப்பு. பிறரைத் தாக்கும் போக்கு. எனவே செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போகத் தகுதி வரவில்லை, இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும் என்று பரிந்துரை. அறிக்கை வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையைக் கவனிக்கும் ஆசிரியை என்ற முறையில் நானும் போட வேண்டும்.

மார்னிக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கியாகிவிட்டது. சாம்பல் நிறப் பாவாடை. சனி ஞாயிறுகளில் அதைப் போட்டுக்கொண்டுதான் மளிகைக் கடைக்குப் போகிறாள் என்று டேரன் ஒருமுறை வாசலில் சொன்னான். இது தெரிந்தும் புதன்கிழமையே நான் எட்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை தட்டில் ஆழ்கடல். நடுவில் நீலம் கலந்த சோளமாவுக் குழம்பு. சுற்றிலும் சிப்பி, மீன், பவளம், ஓர் ஆரஞ்சு நிற ஆக்டோபஸ். ஓடிஸ் ஆக்டோபஸைத் தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கோட்டு மூலையிலிருந்து மார்னி "வேணாம்!" என்று கத்தினாள். மேடையே அவனோடு புறப்பட்டது.

"கிளெனிஸ், இது செத்துப்போச்சா?" என்று என்னைக் கேட்டான்.

நான் தொட்டுப் பார்த்தேன். சிப்பி முதல் சுறா வரை எல்லாம் சூட்டில் உருக்கிய பசையால் தட்டோடு ஒட்டியிருந்தன.

"பிலிப்பா, ஒட்டிட்டீங்களா?"

"பின்ன? போன வாரம் டைனோசர் காட்டை அஞ்சே நிமிஷத்துல நாசம் பண்ணிட்டாங்க. மூணு மணி நேர உழைப்பு, கிளெனிஸ்!"

"அப்ப பிள்ளைங்க எதை வெச்சு விளையாடுவாங்க?"

"பார்த்து அனுபவிக்கட்டும். பார்வையும் ஒரு புலன்தானே?"

அடுத்த வாரம் பிள்ளைகளையும் ஒட்டிவிட்டால் படம் இன்னும் தெளிவாக விழும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் டேரன் வந்துவிட்டான்.

பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு வந்து, முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். மார்னி கோட்டுகளின் இடையிலிருந்து கையசைத்தாள். பிலிப்பா அறிக்கையை முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"ஈரம்னா பிடிக்காதா? இவளுக்கா?" டேரன் குழம்பிப்போனான். "வீட்டுல சேத்துலதாங்க கெடப்பா. புழுவை எடுத்துப் பையில போட்டுக்குவா. துவைக்கிறப்பதான் எங்களுக்கே தெரியும்."

"பெத்தவங்களுக்கு ஏத்துக்கறது கஷ்டம்தான், மிஸ்டர் ஹாய்ல்." குரலில் தேன். அதையும் அந்த இரண்டு நாளில்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

"ஒரு வருஷம் தள்ளிப் போனா இவ ஒடஞ்சு போயிடுவா. தெனமும் பாவாடைய எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கா."

"அவ நல்லதுக்குத்தான்."

டேரன் பேனாவை வாங்கினான். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன். பேனாவின் மூடியைக் கழற்றியவன், எதிரே இருந்த மேடையைப் பார்த்து நிறுத்தினான்.

"இது கலவைத் தட்டுல்ல? என் வேன்லயும் இதேதான் கெடக்கு."

"இது புலன் அனுபவ மேடை," என்றாள் பிலிப்பா.

"அப்படியா?" எழுந்து போய் எட்டிப் பார்த்தான். தொழில் புத்தி எங்கே போகும்? "பரவால்லயே, நல்ல பதமாத்தான் கொழைச்சிருக்கீங்க," என்று நீலக் குழம்பில் கையை மணிக்கட்டு வரை விட்டான்.

கோட்டுகள் சரிந்து விழுந்தன. மார்னி அறையைக் குறுக்கே கடந்து ஓடிவந்து அவன் சட்டைக்கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

"அப்பா வேணாம்! கைய எடு! எரியும்!"

"என்ன கண்ணு? என்ன எரியும்?"

"நீதான சொன்ன! தட்டுல கைய வெச்சா எரியும்னு! உன் முட்டி எரிஞ்சுதுல்ல? தோலு வந்துச்சுல்ல?" அழுதுகொண்டே, அவன் விரல்களைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்களை நிமிர்ந்து பார்க்காமல் பேசினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஈரச் சிமெண்டுல முட்டி போட்டு வேலை செஞ்சுட்டேங்க. அதுல சுண்ணாம்பு இருக்குல்ல, வெந்து தோல் உரிஞ்சுபோச்சு. கட்டு மாத்தறப்ப இவ பாத்துட்டா. அதுலேருந்து வேன் பக்கம் வந்தாலே, தட்டுல கைய வெக்காத, யாரு வெச்சாலும் விடாதன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன்."

யார் வைத்தாலும் விடாதே. நாலு மாதமாக இந்தப் பிள்ளை ஓர் அறை முழுக்கக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், தன்னந்தனியாக. படித்த நாங்கள் இருவரும் அதைப் பக்க எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தோம். ஏன் கத்துகிறாய் என்று ஒருநாள் குனிந்து கேட்டிருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிலிப்பா அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினாள். "இதைக் குறிக்கறதுக்கு இதுல கட்டமே இல்லையே," என்றாள்.

"இது சிமெண்டு இல்ல கண்ணு, மாவு. கேக்குல போடுற மாவு," என்றான் டேரன்.

மார்னி முகர்ந்து பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. "கையுறை?" என்றாள். அப்பா வேலைக்குப் போகும்போது என்னவெல்லாம் செய்வான் என்பது அவளுக்கு அத்துப்படி.

பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறைகளைக் கொண்டு வந்தேன். முழங்கை வரை ஏறின. ஓடிஸுக்கும் ஒரு ஜோடி கேட்டு வாங்கினாள். பிறகு மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"கீழ எறக்குப்பா. காலு ஆடுது."

டேரன் தட்டைத் தூக்கித் தரையில் வைக்கப் போனான்.

"இரு! காயிதம் விரிக்கல. சிந்தும்ல?"

"ஆமால்ல," என்று டேரன் சுற்றிலும் பார்த்தான். குட்டி மேசையிலிருந்த அறிக்கையை எடுத்தான். பக்கம் பக்கமாகப் பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, வேலை சுத்தமாகத் தரையில் விரித்தான்.

"மிஸ்டர் ஹாய்ல்! கையெழுத்தான பிரதி அது ஒண்ணுதான்!"

"தடிமனாத்தான் இருக்கு, தாங்கும்," என்றான் அவன்.

ஏழு பக்கம் விரித்தும் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. மார்னி அந்த இடத்தைக் காட்டினாள். டேரன் கையெழுத்துப் போட வேண்டிய எட்டாம் பக்கம் என் கையிலிருந்த அட்டையில் செருகியிருந்தது, அடியில் என் கையெழுத்தோடு. உருவி எடுத்து நீட்டினேன். பிலிப்பா என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தேன்.

தட்டு இறங்கியது. டேரன் சட்டைப்பையிலிருந்த சுரண்டியால் ஒரு நெம்பு நெம்பியதும் ஆக்டோபஸ் கழன்று ஓடிஸின் கைக்குப் போனது. மார்னி என் கையெழுத்தின் மேல் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையுறையைக் கழற்றி, சுண்டு விரலை மட்டும் குழம்பில் வைத்து, பத்து வரை எண்ணினாள். எடுத்துப் பார்த்தாள். பிறகு ஓடிஸின் பக்கம் திரும்பினாள்.

"வா," என்றாள், "எரியல."