முழிவியளம்

கரண்டியால் ஊட்டிய பால் கடைவாயால் வழிந்தது. குணலட்சுமி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அருளம்பலம் மாஸ்ரர் கண்ணைத் திறந்தார்.

"குணம், நான் நைஜீரியாவிலை நிண்ட காலம்... அந்த விதவைகள் நிதிக்கு ஒழுங்காய்க் காசு கட்டினனிதானே?"

"ஓம்."

"அப்ப எனக்குப் பயமில்லை. பென்சனிலை சீவிப்பாய்."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பச்சைப் பொய் சொன்னவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

சம்பளமில்லாத லீவில் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனவர் அவர். எங்கே உழைத்தாலும் இங்கே அந்த நிதிக்கு மாதக் காசு கட்டவேண்டும். கட்டினால்தான் அவருக்குப் பிறகு மனைவிக்குப் பென்சன். அதற்கென்று தனியாகக் காசு அனுப்புவார். முதல் மாதம் குணலட்சுமி யாழ்ப்பாணத்துப் பென்சன் கந்தோருக்குப் போனாள். "எதுக்கு அம்மா கட்டுறியள்?" என்று யன்னலுக்குள் இருந்தவன் கேட்டான். நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலிக்கொடியுமாக நின்றவளுக்கு விதவை என்ற அந்தச் சொல் வாயில் வரவில்லை. புருஷன் கடல் கடந்து இருக்கும்போது, விதவையாகப் போகிறேன் என்று முற்பணம் கட்டுவாளா ஒருத்தி? வீட்டுக்கு வந்து தலையில் முழுகினாள். அன்று தொடக்கம் அந்தக் காசெல்லாம் அம்மன் கோயில் அபிஷேகத்துக்குப் போனது.

அவர் சுகமாகத் திரும்பியபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அதே வருஷம் ஈரல் வீங்கிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை குட்டியும் இல்லை. இனி அவள் வயிற்றுக்கு வழி அந்தப் பென்சன்தான். அதைத்தான் அவள் பாலாக அம்மன் தலையில் ஊற்றிவிட்டிருந்தாள்.

வாசலில் பத்மாவதி நின்றாள். மாஸ்ரரின் தமக்கை, இளவயதிலேயே தாலி அறுத்தவள். அதே வளவின் பின்பக்கக் கொட்டிலில் ஓலைப்பெட்டி இழைத்துச் சீவிக்கிறாள். ஒரு பசுவும் வைத்திருந்தாள். இடையில் ஏனோ விற்றுவிட்டாள். அவள் முகத்தில் முழித்துப் போனால் காரியம் கெடும், அவளுடைய முழிவியளம் கூடாதென்று, யார் பயணம் புறப்பட்டாலும் குணலட்சுமி அவளை அடுப்படிக்குள் ஒதுங்கச் சொல்லுவாள். தம்பி நைஜீரியாவுக்குப் போன அன்றும் அவள் புகைக்குள் நின்று கார்ச் சத்தத்தை மட்டும்தான் கேட்டாள். இப்போதும் உள்ளே வரலாமா என்று பார்வையால் கேட்டாள். குணலட்சுமி எழும்பி இடம் விட்டாள்.

பின்னேரம் தமக்கையின் மடியில் மாஸ்ரரின் மூச்சு அடங்கியது. மறுநாள் பாடை எடுக்குமுன், குணலட்சுமியின் தாலிக்கொடியைக் கழற்றியதும் பத்மாவதிதான். அவ்வளவு மெதுவாகக் கழற்றினாள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று தியாகராசா வந்தான். மாஸ்ரரிடம் படித்தவன், இப்போது அந்தக் கந்தோரில் கிளார்க்.

"யோசியாதேங்கோ அம்மா. பென்சன் அலுவலை நான் பாக்கிறன்."

இப்போதாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று குணலட்சுமி வாயைத் திறந்தாள். "தம்பி, நான் அந்தக் காசை..."

"ஒரு மாதமும் தவறேல்லையம்மா. பஸ் ஓடாத நாளிலையும், சண்டையிலை ஹெலி சுத்தின நாளிலையும் உங்கடை மச்சாள் நடந்து வந்து கட்டினவ. பிறகென்ன?"

அவன் போனதும் குணலட்சுமி பின்வளவுக்குப் போனாள். கொட்டில் வாசலில் பத்மாவதி ஓலை வார்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பசு கட்டிய கட்டை வெறுமனே நின்றது.

"இதுக்கே மச்சாள் பசுவை வித்தனீங்கள்?"

பத்மாவதி அடுத்த ஓலையை எடுத்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியே? நீ காசெல்லாம் கோயிலுக்குக் குடுக்கிறதைக் கண்டனான். என்ரை மனுசன் எனக்கு ஒண்டும் வைக்காமல் போனவர். வெறுவயித்தோடை கிடந்து பாத்தவள் நான்." ஓலையைத் திருப்பிப் பிடித்தாள். "விதவை எண்ட அந்தச் சொல் இனி என்னை என்ன செய்யப்போகுது? அதுதான் நான் போய்ச் சொன்னனான்."

குணலட்சுமிக்கு அழுகை வெடித்தது. அவர் செத்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு ஒருநாள் காலையில் அவள் கந்தோருக்குப் புறப்பட்டாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. பத்மாவதி பழக்கத்தில் அடுப்படிக்குள் ஒதுங்கினாள். வாசல் படலையில் கை வைத்த குணலட்சுமி அதைத் திறக்காமல் நின்றாள்.

"மச்சாள், ஒருக்கா முன்னாலை வாங்கோ."

பத்மாவதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நேரெதிரே நின்றாள். குணலட்சுமி அவளுடைய முகத்தை வடிவாக, கண் நிறையப் பார்த்தாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு போனாள்.