பென்ரித்தின் உயிர்ச்சான்று

வெள்ளைக்காரரின் போர்க்கப்பல் பென்ரித், தான் இன்னும் இருப்பதற்கு உயிர்ச்சான்று வாங்க, திருகோணமலையில் ஓய்வுபெற்றோர் கந்தோருக்கு வந்து வரிசையில் நின்றபோது காலை ஒன்பது மணி. கந்தோரின் நடைவழி அதற்குப் போதவில்லை. ஆகவே நடை ஐந்நூற்றைம்பது அடி நீண்டுகொடுத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். வயதானவர்கள் வந்துபோகிற இடத்தில் இதெல்லாம் சகஜம்.

மூன்றாம் கவுண்டரில் இருந்த லிகிதர் பென்ரித்மலர். பெயரின் முன்பாதியை அவள் யாரிடமும் சொல்வதில்லை. பெரும்புயல் நாளில் அவளுடைய தாயை வெள்ளத்திலிருந்து தூக்கியது இந்தக் கப்பல்தான். அவள் பிறந்தது அதன் சமையலறையில். பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால் ஐம்பது வருடமாக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பிறந்தபிறகு கப்பலை அவள் இன்றுதான் பார்க்கிறாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கந்தோரில் நன்றிக்குத் தனிப் படிவம் உண்டு. அது மார்கழியோடு தீர்ந்துபோயிருந்தது.

“பிறந்த திகதி?” என்று கேட்டாள்.

“எது பிள்ளை? அடிக்கட்டை வைச்சதோ, தண்ணியில இறக்கினதோ, கொடி ஏத்தினதோ?” கப்பல் நல்ல திருகோணமலைத் தமிழ் பேசியது. துறைமுகத்தில் பழகிய பழக்கம்.

“எல்லாம் ஒரே வருசம்தானே?”

“இல்லை. நடுவில பதின்மூண்டு வருசம் பாதியில கிடந்தனான். என்னைச் சண்டைக்கெண்டு தொடங்கினவை. சண்டை எனக்கு முந்தி முடிஞ்சுபோச்சு.”

“மூழ்கடிச்ச கப்பல்கள்?”

“ஒண்டுமில்லை.”

“சுட்டது?”

“ராணியின்ர பிறந்தநாளுக்கு வெடி போட்டனான். அதிலயும் ஒண்டு சிக்கிப்போச்சு.”

பிரதம லிகிதர் அருளம்பலம் இழுப்பறையைத் திறந்துகொண்டு எழுந்தார். அவர் இருப்பது அதற்குள்தான். படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஒண்டும் செய்யேல்லை. அப்ப இருந்ததுக்கு அத்தாட்சியும் இல்லை. நாலு மணிக்குக் கப்பல் உடைக்கிற ஆக்கள் கொண்டுபோவினம்.”

உடைக்கிறவர்கள் ஏற்கனவே சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் சுத்தியல், கையில் வடை.

பென்ரித்மலருக்குக் கோபம் வந்தது. கைப்பையிலிருந்து தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். “அப்ப நான் ஆர் ஐயா?”

அருளம்பலம் நிதானமாக வாசித்தார். “கப்பல் இருக்கேல்லையெண்டா நீங்களும் பிறக்கேல்லை, தங்கச்சி. கதிரையை விட்டு எழும்புங்கோ.”

சட்டம் அப்படித்தான். அவள் முழங்கால்வரை மங்கத் தொடங்கினாள். புதுச் செருப்பு, அதுவும் சேர்ந்து மங்கியது.

“பொறுங்கோ,” என்றது கப்பல். “அண்டைக்கு மீன் சூப் வைச்ச நாள். தாய் என்ர பெரிய அண்டாவைப் பிடிச்சுக்கொண்டு கத்தினவ. சமையல்காரன் சூப்பை ஊத்திப்போட்டு அந்த அண்டாவிலதான் பிள்ளையைக் குளிப்பாட்டினவன். பிள்ளைக்கு இடது காதுக்குப் பின்னால மச்சம்.”

அருளம்பலம் கிட்ட வந்து பார்த்தார். மச்சம் இருந்தது.

“இவ்வளவையும் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறீங்கள்?”

“நான் செய்த வேலை அது ஒண்டுதானே. மறப்பனே?”

பென்ரித்மலர் அழுதுவிட்டாள். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, படிவம் இல்லாமலே நன்றி சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். முழங்காலும் செருப்பும் திரும்பி வந்தன.

அருளம்பலம் இரண்டு தாளிலும் முத்திரை குத்தினார். “ஒராளுக்கு ஒராள் சாட்சி. வருசாவருசம் ரெண்டுபேரும் சேர்ந்து வரவேணும். ஒராள் வராட்டி மற்றாளும் இல்லை.” பிறகு இழுப்பறைக்குள் படுத்து மூடிக்கொண்டார். உடைக்கிறவர்கள் வடைத்தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள், தனக்கொன்று, தான் பிறந்த கப்பலுக்கொன்று என்று இரண்டு ரிக்கெட் கேட்டாள். கண்டக்டர் கப்பலை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கிழித்தான்.

“பிறந்த இடத்துக்கு ரிக்கெட் இல்லை, அக்கா.”

அவள் யன்னலோரத்தைக் கப்பலுக்கு விட்டுக்கொடுத்தாள். வழியில் கடல் வந்தது. கப்பல் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுடைய இடது காதையே பார்த்துக்கொண்டு வந்தது.