பெரிய வெள்ளி மௌனம்

நிலாவெளி ரோட்டில் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர் வஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை மேற்பார்க்கும் ஓவசியர். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் வந்துவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. இறைச்சி இல்லை, சுருட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த வருஷம் கோயிலில் நடந்த ஞான ஒடுக்கத் தியானத்தில் சுவாமியார் விழித்திருந்து ஜெபிப்பதைப் பற்றிப் பிரசங்கம் வைக்க, இவர் ஒரு படி மேலே போனார். பெரிய வெள்ளியன்று, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை முழங்காலில் நிற்பது. யாரோடும் ஒரு சொல் பேசுவதில்லை. போன வருஷம் அரைவாசியில் நித்திரையாகிப்போனவர். இந்த முறை அது மானப் பிரச்சினை.

மனைவி காலையிலேயே பட்டணத்துக் கோயிலுக்குப் போய்விட்டாள். இவர் முழங்காலில் நின்று கொஞ்ச நேரம்தான் இருக்கும், வாசலில் ஒரு குரல்.

“ஓவசியர் ஐயா!”

பக்கத்து வளவு ஸாலிஹா. ஜன்னல் வழியாக அவரைக் கண்டதும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் குந்திவிட்டாள். அவளுடைய மகள் ஸுல்பிகா நிறைமாதம் என்பது வஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியும். அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் என்பதும் தெரியும். ஆனால் அவசரமென்றால் கத்தியிருப்பாளே என்று தனக்குத் தானே நியாயம் சொன்னார். அவள் எழுந்து ஓடினாள். திரும்பி வந்தாள். சத்தமில்லாமல் மறுபடி குந்தினாள். இது சோதனை என்று முடிவுகட்டி, ஜெபமாலையை இறுக்கிக் கண்ணை மூடினார். “ஆண்டவரே, இவளை இங்கிருந்து போகச் செய்யும்.” அவர் கண்ணைத் திறந்தபோது படி வெறுமையாக இருந்தது. மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்று உள்ளம் குளிர்ந்தது.

மூன்று மணிக்குக் கால் மரத்துப்போய், ஆனால் வென்றவராக எழும்பி வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக் கதிரவேலின் மனைவி வேலியடியில் நின்றாள்.

“எங்கட இவர்தான் ஸுல்பிகாவ மாட்டு வண்டில்ல ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். பிள்ளைக்குக் கால் முதல்ல வந்திட்டுதாம். உங்கட கார் நிக்குது, ஆனா ஆளை வெளியில காணேல்ல, நீங்கள் இல்லையோ எண்டு நினைச்சம்.”

வஸ்தியாம்பிள்ளை காரை விரட்டிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். விறாந்தையில் ஸாலிஹா தனியாக இருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

“தொழுகை முடிஞ்சிதா ஐயா?”

“ஸுல்பிகா?”

“மகள் தப்பிட்டா. புள்ள மவுத்து. வண்டில்லயே மூச்சில்ல.”

“நீ ஏன் என்னை மறுபடி கூப்பிடேல்ல?” அவர் குரல் உயர்ந்தது. அந்த நேரத்திலும் குற்றத்தை அவள் தலையில் போடப் பார்த்தார்.

“தொழுறவர எப்பிடி ஐயா குழப்பிற? பாவமல்லவா? எங்கட ஆக்களெண்டா கொஞ்சத்தில சலாம் குடுத்து எழும்பிருவாங்க. நீங்களும் இப்ப எழும்புவீங்க, இப்ப எழும்புவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

தன் ஜெபத்தை அவள் மதித்த அளவுக்கு அவளைத் தான் மதிக்கவில்லை என்ற வெட்கம் அவர் காது மடல்வரை சுட்டது.

ஸாலிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அவ்வளவு நேரம் ஆண்டவன்ட கேட்டீங்களே ஐயா, எங்கட புள்ளைக்கும் சேத்துத்தானே கேட்டீங்க?”

“ஓம், கேட்டன்” என்றார் வஸ்தியாம்பிள்ளை.

“அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும்” என்றாள் அவள்.