கூட வந்தவன்

பேதி மருந்தைக் குடித்துக் குடித்து, சாக்கடை அடைப்பெடுக்கிறவரின் வயிறு அவரே கழுவிவிட்ட குழாய் மாதிரி ஆகியிருந்தது. அடுத்தவர் வீட்டுச் சாக்கடைக்குள் கம்பி விட்டே காலம் கழித்தவர். ‘இப்ப எனக்கே விடப் போறானுங்க’ என்று முணுமுணுத்தபடிதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மலத்தில் ரத்தம் என்று பரிசோதனையில் தெரிந்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க இந்தத் தேதி கிடைப்பதற்குள் மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது.

"கூட யாருங்க ஐயா வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"நான் வந்திருக்கேனே, போதாதா?"

"மயக்க ஊசி போடுவோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். போன்லயே சொன்னோமே?"

"டாக்ஸி புடிச்சுப் போயிக்கிறேன்மா."

"டாக்ஸிக்காரர் உங்க பக்கத்துல உக்காந்து பார்த்துப்பாரா? ஆள் இல்லேன்னா இன்னிக்குக் கிடையாது. மறுபடி வரிசைதான்."

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கடலுக்கு அந்தப் பக்கம். மற்ற எல்லாரையும் வாயாலேயே விரட்டியாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார். பொதுச் சுவர்த் தகராறில் முகம் பார்க்காமல் போனவன். பஸ் டிரைவர். யூனிஃபார்மைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"என்னண்ணே, உள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?"

"உன்னை மாதிரி ஏதோ ஒண்ணு கிடக்காம்."

நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனாள். "குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்று, கட்டின்னு ஏதாவது?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

தம்பி தரையைப் பார்த்தான். "எனக்கு இருந்திச்சும்மா. ஆரம்பத்துலயே பார்த்து வெட்டிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு."

"அப்பவே கூடப் பொறந்தவங்களையும் பார்க்கச் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? தொலையட்டும்னு விட்டுட்டியா?"

"சொல்லத்தான் வந்தேன். வாசல்ல நின்னேன். மாடியிலேருந்து ஒரு வாளி சாக்கடைத் தண்ணியை என் தலையில கொட்டின. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றைக்கு அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

"அதுக்கப்புறம் ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"பண்ணியிருக்கலாம். பண்ணலை. எத்தனை தடவை குளிச்சும் நாத்தம் போகலைண்ணே. எனக்கும் ரோஷம் இருக்குல்ல?"

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். "ஐயா, முடிவாச் சொல்லுங்க. உங்களைக் கூட்டிட்டுப் போறவர் இவர்தானா?"

‘இந்தத் துரோகியோட போகமாட்டேன்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுபடி வரிசை. இரண்டு வருஷமாக உள்ளே வளர்ந்துகொண்டிருப்பது எந்த வரிசைக்கும் காத்து நிற்காது.

"ஆமா. இவன்தான்."

தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தார். கீழே கிடந்த செருப்பைத் தம்பி குனிந்து எடுத்துக்கொண்டான்.

"அதையாவது ஒழுங்காப் பார்த்துக்க" என்றார் அவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.