முன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

விடிந்ததும் சென்னையிலிருந்து மருமகன் சத்தியமூர்த்தி போன் செய்தார். "அத்தை, அபிக்கு வலி எடுத்துருச்சு. மதுரையில இருந்து பிளைட்டு டிக்கெட் போட்டிருக்கேன், மாமாவோட உடனே கெளம்பி வாங்க."

தலைப்பிரசவம். பயணம் ஆகாது என்று டாக்டர் தடுத்ததால் மகளைப் பள்ளத்தூருக்கு அழைத்து வர முடியவில்லை. அவள் கத்தும்போது பிடித்துக்கொள்ள என் கை அங்கே இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. ஆயுசு பூரா பஸ் ஓட்டியவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் புது வண்டி எதிலும் ஏற மாட்டார்.

விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அவர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பிறகு ஒரு டப்பா சூடம். பிறகு முழ நீளத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

"ஐயா, தீப்பிடிக்கிறது, குத்துறது, வெட்டுறது எதையும் பிளேன்ல கொண்டுபோகக் கூடாது."

"நடுவழியில நின்னுபோச்சுன்னா என்னத்த வச்சும்மா கழட்டுறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க நின்னா நீங்க எங்குட்டு எறங்கிக் கழட்டுவீக? பேசாம வாங்க!"

இரண்டு எலுமிச்சம்பழங்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மனிதருக்கு அதுவே போதுமாக இருந்தது.

விமானத்துக்குப் பக்கத்தில் போனதும் மேலும் கீழும் பார்த்தார். "டிரைவர் மூக்குக்குள்ள உக்காந்திருக்காரு. இன்ஜின் ரெக்கைக்கு அடியில தொங்குது. வாலு நட்டமா நிக்கிது. டயரெல்லாம் புதுசுதான்." சொல்லிக்கொண்டே கையில் ஒரு பழத்தோடு முன் சக்கரத்தை நோக்கி நடையைக் கட்டினார்.

மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்து மறித்தார். "ஐயா, தரையில ஒண்ணும் கெடக்கக் கூடாது!"

இவர் படியேற மறுத்து நின்றுவிட்டார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒங்க பழத்துக்காக எம்புள்ள தனியாக் கெடக்கணுமா? நல்லாருக்கா இது?"

அசையவில்லை. "இன்ஜின் பழத்த உறிஞ்சிருங்கய்யா, உள்ள சுத்துற பிளேடு போயிரும்" என்றார் மஞ்சள் சட்டைக்காரர்.

"இன்ஜினுக்கு ஆகாதா? அப்ப வேணாம்ப்பா" என்று பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் கண்ணீருக்கு இறங்காதவர் இன்ஜினுக்கு இறங்கினார்!

விமானம் மேலே எழும்பியதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசியவள் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்குக்குப் பக்கத்தில் எலுமிச்சை வாசம். நகத்தால் தோலைக் கீறிப் பிடித்திருந்தார்.

"ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு ஒனக்குன்னுதான் எடுத்தேன். பஸ்ஸுல இந்தா இருக்குற காரைக்குடி போறதுக்குள்ளயே ஒனக்குக் கொமட்டுமே."

இந்த ஆளை நான் எதைச் சொல்லித் திட்டுவது?

சென்னையில் தரை தொட்டதும் இறக்கையின் மேல் தகடுகள் எழும்பி நின்றன. "ஏ புள்ள, இங்க பாரு, பிரேக்கு!" என்று என் தோளைத் தட்டினார். அத்தனை சந்தோஷம்.

நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். என்னை உள்ளே விட்டார்கள். அபி என் கையை நெரித்த நெரிப்பில் வளையல் வளைந்துவிட்டது. பொட்டப்பிள்ளை, அப்பனின் மூக்கு.

நர்ஸ் குழந்தையைச் சக்கரம் வைத்த தொட்டிலில் போட்டு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் பேத்தியின் முகத்தைப் பார்த்தார், பிறகு சக்கரத்தைப் பார்த்தார். கை தானாகப் பைக்குள் போனது.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் நர்ஸ்.

அவர் திருட்டு முழி முழித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம் நில்லும்மா" என்று தொட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "ஓரமா வைக்காதீக, நழுவிரும். சக்கரத்துக்கு நடுவுல வைங்க."