இவளுக்காக ஒரு ஜெபம்

கூடையிலிருந்து எடுத்த சீட்டைப் பிரித்ததும் தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய சொந்தக் கையெழுத்தேதான். 'எனக்கு ஜெபிக்க வரவில்லை. வாயை மட்டும் அசைக்கிறேன்.'

அந்த மூன்று நாள் தியான முகாமில் வழக்கம் இதுதான். முதல் நாள் ஒவ்வொருவரும் பெயர் போடாமல் ஒரு விண்ணப்பம் எழுதிக் கூடையில் போடுவார்கள். ஆளுக்கொன்று எடுத்து, கடைசி நாள் காலையில் அந்த முகம் தெரியாதவருக்காக எழுந்து நின்று சத்தமாக ஜெபிக்க வேண்டும். தன்னுடையதே வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவள் பிரிப்பதற்குள் கூடை நாலு பேரைத் தாண்டிவிட்டது. கூப்பிட்டால் அத்தனை தலையும் திரும்பும்.

ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் வேலை அவளுக்கு. ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய் ஒரு வருஷம். அன்றிலிருந்து "ஆண்டவரே" என்பதற்கு அடுத்த வார்த்தை தொண்டையைத் தாண்டுவதில்லை. விசுவாசமே போய்விட்டதோ என்று உள்ளுக்குள் திகில். அவளை விடாப்பிடியாக லீவு போடவைத்து இழுத்து வந்தது, கூட வேலை செய்யும் நர்சும் கேன்டீன் அக்காவும்தான்.

"மூஞ்சி ஏன்டீ வெளுத்துப்போச்சு? கஷ்டமான சீட்டா?" நர்ஸ் கிசுகிசுத்தாள். "எனக்கு வந்ததைக் கேளு. யாரோ ஒருத்திக்குப் புருஷன் குறட்டை நிக்கணுமாம்."

"அது நான்தான்டீ," என்றாள் கேன்டீன் அக்கா. "ஒழுங்கா ஜெபம் பண்ணு. பதினெட்டு வருஷமா தூக்கமில்ல."

தையல்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் திரும்பி வந்தது. கடைசி நாள் தலைவலி என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

மூன்றாம் நாள் காலை அவள் முறை வந்தது. எழுந்தாள். "ஆண்டவரே..." வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. கூடம் காத்திருந்தது. கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பொடிப்பொடி எழுத்து, காகிதத்தின் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. யாரோ ஒருத்தி, பாவம், என்று தோன்றியது. தனக்கென்று கேட்க வராதது, அந்த ஒருத்திக்கென்றால் கேட்க வந்தது.

"ஆண்டவரே, இவளுக்கு உம்மேல கோபம். அதைச் சொல்லப் பயந்துதான் பேசாம இருக்கா. பிள்ளைக்குக் குட்டிச் சட்டையெல்லாம் தைச்சு வச்சிருந்தா. ஏன் எடுத்துக்கிட்டீர்னு இவளுக்குப் புரியல. ஆனாலும் உம்மை விட்டுப் போகவும் மனசு வரல. நீரும் இவளை விட்டுடாதேயும். ஒரு வருஷமா, சாப்பிட்டாளா தூங்கினாளான்னு பார்க்க ரெண்டு பேரைக் கொடுத்திருக்கீர். அதுக்கு ஸ்தோத்திரம். அதுக்கு ரொம்ப ஸ்தோத்திரம்..."

மேலே வரவில்லை. இரண்டு பக்கமும் நாற்காலிகள் நகர்ந்தன. நர்ஸ் எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து "ஆமென்" சொன்னாள்.

"இத்தனையும் எங்கடீ வச்சிருந்தே?" என்றாள் காதோரம்.

"சும்மா இரு. சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிட்டா," என்று கேன்டீன் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

பின்வரிசையில் வேறு யாரோ எழுந்து ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். மூவருக்கும் உட்காரத் தோன்றவில்லை. கண்ணை மூடி நின்ற தையல்காரியின் முதுகில், தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல, அக்காவின் கை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.